சரக்குப் பெட்டகங்களுக்கான சுங்க உடன்படிக்கை

நாடு விட்டு நாடு செல்லும் கன்டெய்னர்களைச் சுங்க வரியின்றி உள்ளே விட்டு வெளியே அனுப்ப வழிசெய்யும் பன்னாட்டு ஒப்பந்தம் இது. ஜெனீவாவில் 1972 டிசம்பர் 2 அன்று உருவானது. 1975 டிசம்பர் 6 முதல் நடைமுறையில் உள்ளது.

துறைமுகத்தில் இறங்கும் எஃகுப் பெட்டியும் சட்டத்தின் பார்வையில் ஓர் இறக்குமதிப் பொருள்தான். உள்ளிருக்கும் சரக்குக்கு ஒரு வரி, பெட்டிக்கு இன்னொரு வரி என்று கேட்டால், கப்பல் நிறுவனம் துறைமுகந்தோறும் பணத்தைக் கட்டுவதும் திரும்பப் பெறுவதுமாகவே இருக்க வேண்டும். இந்தச் சிக்கலைச் சட்டம் வகுத்தவர்கள் வியக்கத்தக்க வகையில் முன்கூட்டியே உணர்ந்திருந்தார்கள். கன்டெய்னர் கப்பல் போக்குவரத்தின் முன்னோடியான மால்கம் மெக்லீனின் ‘ஐடியல் எக்ஸ்’ கப்பல் 58 பெட்டகங்களுடன் அமெரிக்காவின் நெவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது 1956 ஏப்ரல் 26 அன்று. அதே ஆண்டு மே 18-லேயே இந்த உடன்படிக்கையின் முதல் வடிவம் ஜெனீவாவில் கையெழுத்தாகிவிட்டது.

1972-ஆம் ஆண்டு வடிவத்தின்படி, காலியாகவோ சரக்குடனோ வரும் பெட்டகம் மூன்று மாதத்துக்குள் வெளியேற வேண்டும்; தேவைப்பட்டால் சுங்கத் துறை அவகாசத்தை நீட்டிக்கலாம். தனி ஆவணமோ பிணையோ பொதுவாகத் தேவையில்லை. விபத்தில் மோசமாகச் சேதமான பெட்டகத்தைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை: வரி கட்டலாம், அரசிடமே விட்டுவிடலாம், அதிகாரிகள் முன்னிலையில் அழித்தும் விடலாம்.

இத்தனை சலுகைக்கும் அடிப்படை முத்திரையின் மீதுள்ள நம்பிக்கை. சுங்க முத்திரையிட்டுச் செல்ல ஒப்புதல் பெற்ற பெட்டகத்தில், வெளியே தடயம் தெரியாமல் ஒரு பொருளையும் எடுக்கவோ வைக்கவோ முடியக்கூடாது. ரகசிய அறை எதுவும் இருக்கக்கூடாது. இவற்றுக்குச் சான்றாகக் கதவில் ஓர் உலோகத் தகடு பொருத்தப்படும்.

இந்தியாவில் இதே சலுகையை 1994 மார்ச் 16 தேதியிட்ட 104/94 எண் சுங்க அறிவிக்கை தந்தது. நீடித்து உழைக்கும் பெட்டகங்களுக்கு முழு வரிவிலக்கு உண்டு. ஆனால் ஆறு மாதத்துக்குள் மறுஏற்றுமதி செய்வதாகப் பிணைப் பத்திரம் எழுதித் தர வேண்டும். கெடு நெருங்கினால், ஏற்றுமதிச் சரக்கு கிடைக்காத பெட்டகம் காலியாகவே கப்பலேற நேரும். கொரோனா காலத்தில் காலிப் பெட்டகம் கிடைக்காமல் ஏற்றுமதியாளர்கள் தவித்தபோது, இந்த விதி உறுத்தியது. சரக்கேற்றி அனுப்பப்படும் பெட்டகங்களுக்குக் கூடுதலாக மூன்று மாத அவகாசம் தர 2021 செப்டம்பரில் அரசு முன்வந்தது.

1972 உடன்படிக்கையைவிட முன்னேறிய ஏற்பாடு, 1994-இல் ஜெனீவாவில் உருவான பொதுப் பயன்பாட்டுப் பெட்டகங்களுக்கான உடன்படிக்கை. ஒரு கூட்டமைப்பின் உறுப்பினர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் பெட்டகங்களில், உள்ளே வந்த அதே பெட்டிதான் வெளியேற வேண்டும் என்று அது கேட்பதில்லை. அதே வகையில் இன்னொன்று சென்றாலும் கணக்கு நேராகும். ஒவ்வொரு பெட்டியின் எண்ணையும் துரத்திக்கொண்டிருப்பதைவிட இந்தக் கணக்கு முறையே வணிகத்துக்கும் சுங்கத் துறைக்கும் ஏற்றது.