இரவல் உறுப்புகளும் நீண்ட வால்வும்: சுவிண்டன் பயணிகள் எஞ்சின்கள், 1902–1928

இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது பிரிட்டனில் ரயில்களின் எடை ஏறிக்கொண்டே இருந்தது. உணவுப் பெட்டிகளும் நடைவழியால் இணைந்த நீண்ட பெட்டிகளும் வந்துவிட்டன. நான்கே இயக்கு சக்கரங்கள் கொண்ட பழைய விரைவு எஞ்சின்கள் திணறின. பெரிய கொதிகலனைப் பொருத்திவிட்டால் தீர்ந்தது என்று பல கம்பெனிகள் நம்பின. 1902இல் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் எஞ்சின் துறைக்குத் தலைமையேற்ற ஜார்ஜ் ஜாக்சன் சர்ச்வர்டோ, நீராவி சிலிண்டருக்குள் எப்படி நுழைகிறது, வேலை முடிந்ததும் எப்படி வெளியேறுகிறது என்பதையும் அதே அளவு அக்கறையோடு ஆராய்ந்தார். அக்காலப் பயணிகள் எஞ்சினின் முன்னேற்றத்துக்கு உருவப் பெருக்கத்தைவிட இந்த அக்கறையே முதன்மைக் காரணம் என்பது என் வாதம்.

சர்ச்வர்ட் தயக்கமின்றி இரவல் வாங்கியவர். நெருப்பறையின் தட்டையான மேற்புறம் பெல்ஜியப் பொறியாளர் பெல்பெயருடையது. முன்னோக்கி ஒடுங்கும் கொதிகலனும், சிலிண்டரோடு ஒன்றாக வார்த்த புகைப்பெட்டித் தாங்கியும் அமெரிக்க வழக்கம். 1903இல் பிரான்ஸிலிருந்து ‘லா பிரான்ஸ்’ என்ற எஞ்சினையே விலைக்கு வாங்கினார். ஆல்ஃபிரட் டி கிளேன் முறையில் அமைந்த அது, ஒரே நீராவியை உயரழுத்தச் சிலிண்டரிலும் பிறகு தாழ்வழுத்தச் சிலிண்டரிலும் இருமுறை வேலை வாங்கியது. ஒப்பீடு நேர்மையாக இருக்கவேண்டும் என்பதற்காகத் தம்முடைய ‘ஆல்பியன்’ எஞ்சினுக்குச் சதுர அங்குலத்துக்கு 225 ராத்தல் அழுத்தம் கொடுத்து, 1904இல் அதன் சக்கர அமைப்பையும் பிரெஞ்சு எஞ்சினைப்போலவே மாற்றினார். இரட்டை விரிவு முறையால் பெரிய லாபம் எதுவும் தெரியவில்லை. ஆனால் நான்கு சிலிண்டர்களின் உந்துதலை இரண்டு அச்சுகளுக்குப் பங்கிட்ட அமைப்பு தந்த சீரான ஓட்டம் அவரைக் கவர்ந்தது. அதை, நீராவியை ஒருமுறை மட்டுமே வேலை வாங்கும் எளிய விரிவு முறையோடு இணைத்து 1906இல் ‘நார்த் ஸ்டார்’ எஞ்சினையும், 1907 முதல் ஆறு இயக்கு சக்கரங்கள் கொண்ட ‘ஸ்டார்’ வகையையும் கட்டினார்.

எளிய விரிவு முறை எப்படிப் பிரெஞ்சு எஞ்சினுக்கு ஈடுகொடுத்தது? விடை வால்வில் இருக்கிறது. விரைவாக ஓடும்போது, பிஸ்டன் தன் வீச்சில் கால் பங்கு தூரம் போனதுமே டிரைவர் நீராவி வரத்தை வெட்டினால், உள்ளே அகப்பட்ட நீராவி விரிந்து மீதி வேலையைச் செய்யும், நிலக்கரி மிச்சமாகும். அப்படி வெட்டும்போது வால்வின் அசைவும் குறுகும். பழைய எஞ்சின்களில் நீராவி வழி மெல்லிய கீற்றாகவே திறந்ததால் நீராவி உள்ளே வரும்போதே அழுத்தம் இழந்தது; வெளியேறும்போது நெருக்குண்டு பிஸ்டனையே எதிர்த்தது. அதனால் பல டிரைவர்கள் தாமதமாக வெட்டி, ரெகுலேட்டரைப் பாதி மூடி ஓட்டினர். சர்ச்வர்ட் வால்வு வழியை மூடும் மேற்படிவை நீட்டி, அதற்கேற்ப வால்வின் பயணத்தையும் நீட்டினார். முன்கூட்டியே வெட்டினாலும் வழி தாராளமாகத் திறந்தது.

ஜெர்மானியர் ஷ்மிட்டின் நீராவி மிகைச்சூடாக்கியும் 1906இல் சோதனைக்கு வந்தது. சில ஆண்டுகளில் கிரேட் வெஸ்டர்னின் சுவிண்டன் பணிமனை தன் சொந்த வடிவை வழக்கமாக்கிக்கொண்டது. மாறாக, உருவத்தைப் பெருக்கிய 1908இன் ‘தி கிரேட் பேர்’, பிரிட்டனின் முதல் பசிபிக் வகை (4-6-2 சக்கர அமைப்பு) எஞ்சின், தன் எடையாலேயே பெரும்பாலும் லண்டன்–பிரிஸ்டல் பாதையோடு அடங்கிவிட்டது.

மற்ற கம்பெனிகள் நீண்ட வால்வை ஏற்க ஆண்டுகள் பிடித்தன என்பது வருத்தத்துக்குரியது. 1925இல் கிரேட் வெஸ்டர்னும் மற்றொரு கம்பெனியும் தங்கள் எஞ்சின்களை மாற்றி ஓட்டிப் பார்த்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. ‘ஸ்டார்’ வகையிலிருந்து, சர்ச்வர்டுக்குப் பின் வந்த காலெட் வளர்த்தெடுத்த ‘பென்டெனிஸ் காஸில்’, லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து புறப்பட்டு, அந்தக் கம்பெனியின் பொறியாளர் கிரெஸ்லி வடிவமைத்த, தன்னைவிடப் பெரிய பசிபிக் எஞ்சின்களைவிடக் குறைந்த நிலக்கரியில் அதே வேலையை முடித்தது. கிரெஸ்லி தம் எஞ்சின்களின் வால்வு அமைப்பைத் திருத்தினார். நிலக்கரிச் செலவு கணிசமாக இறங்கியது. 1928 மே மாதம் அவருடைய பசிபிக் எஞ்சின்கள் லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு, ஏறத்தாழ 393 மைல், இடையில் எங்கும் நிற்காமல் ஓடத் தொடங்கின.