தகர டிக்கெட் முதல் குலுக்கல் சீட்டு வரை



புகைவண்டி நிலையத்தில் பயணச்சீட்டு வழங்குவது என் தொழில். ஒரு சீட்டைக் கண்டால், அது எங்கிருந்து எதுவரை, எத்தனை நாளுக்குச் செல்லும், திரும்பி வர இடமுண்டா என்று நோக்குவது என் வழக்கமாகிவிட்டது. அவ்வழக்கத்தின் துணிவிலேயே இவ்வாண்டு மலருக்கு இக்கட்டுரையை எழுதுகின்றேன். நான் மெட்ரிக் தேறியவனேயன்றி வரலாற்றுப் புலவன் அல்லேன். குறையிருப்பின் பொறுத்தருள்க.

நம் எலெக்ட்ரானிக் சிட்டிக் குடியிருப்பில் சில காலமாக ஒரு புதுச் சொல் உலவி வருகின்றது. 'ஒர்க் அண்ட் ஹாலிடே விசா' என்பதே அச்சொல். இளைஞர்கள் மாடிப்படியில் நின்று அதைப்பற்றிப் பேசுகின்றனர். பெற்றோர் கவலையுடன் கேட்டுக் கொண்டிருக்கின்றனர். அண்டை வீட்டு அம்மையார் ஒருவர் என்னிடம், "வேலைக்குப் போகிறதா, விடுமுறைக்குப் போகிறதா? இரண்டையும் ஒரே சீட்டில் எழுதினால் எதை நம்புவது?" என்று வினவினார். நியாயமான வினாவே. இதற்கு விடை காண வேண்டுமாயின், நம்மவர் முன்னாளில் எத்தகைய சீட்டுகளைக் கையில் கொண்டு கடல் கடந்தனர் என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

1834 முதல் மொரீஷியசுக்கும், 1860 முதல் நேட்டாலுக்கும் நம்மவர் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றனர். 1860இல் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பலே நேட்டாலுக்கு முதற் கூட்டத்தைக் கொண்டு சேர்த்தது. ஐந்தாண்டு ஒப்பந்தம், ஒரே முதலாளி, இடையில் விட்டு நீங்கினால் அது குற்றம், தண்டனை உண்டு. கைந்நாட்டு வைத்தவருள் பலர் அத்தாளில் எழுதியிருந்தது இன்னதென்று அறியார். இம்முறையில் ஆள் சேர்ப்பது 1917இல் நிறுத்தப்பட்டது.

இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற முறை வேறு. அங்கே ஒப்பந்தத்தின் இடத்தைக் கங்காணி பிடித்துக்கொண்டார். ஊருக்கு வந்து முன்பணம் கொடுத்து ஆள் திரட்டுபவர் அவரே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'தகர டிக்கெட்' என்றொரு முறை வந்தது. தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லை அது. அதை அணிந்தவர் வழியில் காசு கொடுக்க வேண்டுவதில்லை. ஆனால் அச்செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறி, பெரும்பாலும் தொழிலாளியின் கடனாகவே முடியும். பிறிதொரு தோட்டத்திற்கு மாற விரும்பினால் 'துண்டு' என்னும் சீட்டு வேண்டும். இன்ன கடனைத் தீர்த்தால் இவரை விடுவிப்போம் என்று துரை எழுதித் தரும் தாள் அது. தமிழ்ச் சொல்லாகிய துண்டு ஆங்கிலேயர் ஆவணங்களிலும் அப்படியே ஏறிவிட்டது. நமக்கு அது பெருமையன்று. அம்முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

இவையெல்லாம் எனக்கு ஏட்டுச் செய்திகள் மட்டுமல்ல. என் கொள்ளுப்பாட்டனார் தனுஷ்கோடி வழியே தலைமன்னார் சென்றவர். அவர் அணிந்திருந்த துளையிட்ட தகர வில்லை எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இன்றும் உள்ளது. போனவர் திரும்பவில்லை. அவர் வழிவந்தோர் 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, இலங்கை தம்மை ஏற்காமையால், தாம் பிறவாத நாடாகிய இந்தியாவுக்குக் கப்பலேறினர். அவ்வொப்பந்தம் இந்தியாவின் பங்காகக் குறித்தது 5,25,000 பேரை. அவருள் ஒரு சாரார் நம் கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர்ப் பகுதி ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டதை அன்பர்கள் அறிந்திருக்கலாம்.

நிற்க. இந்திய அரசும் வாளாவிருந்ததில்லை. 1922இல் குடிபெயர்வோர்க்கென ஒரு சட்டம் வந்தது. 1938இல் மலாயாவுக்கும், 1939இல் இலங்கைக்கும் கூலி வேலைக்குச் செல்வது தடுக்கப்பட்டது. விடுதலைக்குப் பின்னர், 1967இல், வெளிநாடு செல்வதும் தனிமனித உரிமையின் பாற்பட்டதே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டே பாஸ்போர்ட் சட்டமும் பிறந்தது. 1983இன் குடிபெயர்வுச் சட்டம், கல்வி குறைந்தோர் சில நாடுகளுக்கு வேலைக்குச் செல்லுமுன் அரசின் சோதனையைப் பெற வேண்டும் என்றது. பத்தாம் வகுப்புத் தேறியவர்க்கு அச்சோதனை இல்லை. எழுத்தறிவே ஒருவருக்கு முதற் காவல் என்பது இதன் கருத்தன்றோ?

இனிப் புதுச் சீட்டுக்கு வருவோம். இளைஞர் ஓராண்டு ஊர் சுற்றவும், செலவுக்கு இடையிடையே வேலை செய்யவும் இடந்தரும் திட்டத்தை ஆஸ்திரேலியா 1975இல் தொடங்கியது. 1901 முதல் வெள்ளையரல்லாதாரை விலக்கி வைத்த நாடு அது. அக்கொள்கை முற்றாகக் கைவிடப்பட்டது 1973இல்தான். பிரிட்டன், கனடா முதலியவற்றின் இளைஞர்க்கே முதலில் திறந்த இக்கதவு, 1980இல் ஜப்பானியர்க்குத் திறந்தது. இந்தியர்க்குத் திறக்க நெடுங்காலம் ஆயிற்று. 2022 ஏப்ரல் 2இல் கையெழுத்தாகி, அவ்வாண்டு டிசம்பர் 29இல் நடைமுறைக்கு வந்த வாணிக உடன்பாட்டின் பயனாக, ஆண்டுக்கு 1,000 இந்தியர்க்கு இவ்விசா என்று முடிவாயிற்று. 2024 அக்டோபரில் முதற் குலுக்கலுக்குப் பதிவு தொடங்கியது. இரு வாரத்திற்குள் ஏறத்தாழ 40,000 பேர் பதிந்தனர் என்று அந்நாட்டு அமைச்சர் கூறினார்.

இதன் விதிகளைக் கூறுவேன். வயது 18 முதல் 30 வரை. பள்ளிக்கு மேல் ஈராண்டுக் கல்வியேனும் வேண்டும். ஆங்கிலமும் கையிருப்பும் வேண்டும். பதிவுக் கட்டணம் 25 ஆஸ்திரேலிய டாலர். தங்குதல் 12 மாதம். பொதுவாக ஒரே முதலாளியிடம் ஆறு மாதத்திற்கு மேல் வேலை செய்யலாகாது. பிரிட்டனும் 2023 முதல் இந்தியப் பட்டதாரிகளுக்கு, குலுக்கல் முறையில், ஈராண்டு தங்கி வேலை செய்ய ஆண்டுக்கு 3,000 இடம் வரை ஒதுக்கியது.

என் மூத்த மகளும் அம்முதற் குலுக்கலில் பெயர் பதிந்தாள். செய்தி கேட்டுச் சினந்தேன். டிரங்குப் பெட்டியைத் திறந்து தகர வில்லையை அவள் கையில் வைத்து, "இதைப் பார்த்த பிறகுமா போக வேண்டும்?" என்றேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பின்னர், "அப்பா, இதில் தோட்டத்தின் எண் இருக்கிறது. நான் கேட்கும் தாளில் முதலாளியின் பெயர் எங்கே இருக்கிறது?" என்று கேட்டாள். எனக்கு விடை வரவில்லை. அன்றிரவே விதிகளை அமர்ந்து படித்தேன். அவள் கூறியது உண்மையே. இத்தாள் எந்த முதலாளிக்கும் அவளைக் கட்டவில்லை; பிடிக்காத வேலையை விட்டு நீங்கினால் அது குற்றமன்று; கடனும் தொடராது. என் கொள்ளுப்பாட்டனார்க்கு இல்லாதது இதுவே.

ஆயினும் தீமை முற்றும் ஒழிந்ததென்று கொள்ளற்க. இத்தகைய விசாவில் வந்த பிற நாட்டு இளைஞர்க்குப் பண்ணைகளில் குறைந்த கூலி கொடுத்து ஏய்த்ததை அந்நாட்டுத் தொழில் கண்காணிப்பு அலுவலகமே 2016இல் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டது. நம் ஊரிலும் கங்காணி மறையவில்லை; உடை மாற்றிக்கொண்டார். குலுக்கலில் பெயர் வரச் செய்வதாகச் சொன்ன தரகர் ஒருவரிடம் நம் குடியிருப்புக் குடும்பம் ஒன்று பெருந்தொகை இழந்தது. கணிப்பொறி தன்போக்கில் எடுக்கும் பெயரை எவராலும் விலைக்கு வாங்க இயலாது. இஃது அந்நாட்டில் குடியேறும் சீட்டும் அன்று. நாள் குறித்த சீட்டு.

ஆகவே பெற்றோர்க்கு ஒரு விண்ணப்பம். பிள்ளைகள் கேட்டால், ஆணாயினும் பெண்ணாயினும், உடனே மறுத்துவிடாதீர்கள், உடனே இசைந்தும்விடாதீர்கள். தாளை வாங்கி ஒருமுறை படியுங்கள். யார் பெயருக்கு, எதுவரை, வேலையை விட்டு நீங்க வழியுண்டா, ஊர் திரும்ப வழியுண்டா என்று பாருங்கள். நம் முன்னோர்க்கு அதைப் படித்துச் சொல்ல ஆளில்லை. நமக்கு அக்குறை இல்லை.

என் மகளின் பெயர் அம்முறை குலுக்கலில் வரவில்லை. அடுத்த முறை பதிவாளாயின் அந்த 25 டாலரை நானே கட்டுகிறேன் என்று சொல்லியிருக்கின்றேன். தகர வில்லை மீண்டும் பெட்டிக்குள் போயிற்று.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!