ஊசி போட்டும் ஏன் காக்கவில்லை? நிப்பா கிருமி பரவிய நாட்கள்

நெகிரி செம்பிலான், போர்ட்டிக்சன் வட்டாரத்தில் இருக்கிறது புக்கிட் பெலாண்டோக். 1999க்கு முன்பு நாட்டின் மிகப் பெரிய பன்றி வளர்ப்பு வட்டாரங்களில் ஒன்றாக இருந்த ஊர். இன்று அங்கே பன்றி வளர்க்க அனுமதி இல்லை. அந்த வட்டாரத்தில் உள்ள சுங்கை நிப்பா என்ற சிறு கிராமத்தின் பெயரைத்தான் உலகம் முழுவதும் மருத்துவர்கள் இன்று ஒரு கிருமிக்குச் சொல்கிறார்கள்.

1998 செப்டம்பர் இறுதி முதல் 1999 மே வரை மலேசியாவில் 265 பேருக்கு அந்த நோய் வந்தது. 105 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் சீனப் பண்ணைக்காரர்கள். பண்ணைகளில் கூலி வேலை பார்த்த இந்தியர்களும் அவர்களில் உண்டு. இறந்தவர்களில் சிலர் முறையாகத் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள். அந்தக் காலத்தை நேரில் கண்டவர்களிடம் தடுப்பூசி பற்றிப் பேச்செடுத்தால், "அப்போதும் ஊசி போட்டார்களே, என்ன ஆனது?" என்று கேட்கக்கூடும். அது நியாயமான கேள்விதான். அதற்கு நேரான பதிலும் உண்டு.

கொசுவைத் துரத்திய ஐந்து மாதங்கள்

நோய் முதலில் தலைகாட்டியது பேராக்கில், ஈப்போவைச் சுற்றியிருந்த பண்ணைகளில். கடுங்காய்ச்சல், தலைவலி, பிறகு மயக்கம், நினைவிழப்பு. பன்றி இருக்கும் இடத்தில் மூளைக்காய்ச்சல் என்றால் மருத்துவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது ஜப்பானிய மூளைக்காய்ச்சல். சுருக்கமாக ஜேஇ. பன்றியின் உடலில் பெருகும் அந்தக் கிருமியைக் கொசு மனிதனிடம் கொண்டுவருகிறது. சில நோயாளிகளின் இரத்தத்தில் ஜேஇ எதிர்ப்புப் பொருளும் காணப்பட்டது. அதோடு முடிவு எடுக்கப்பட்டுவிட்டது. சுகாதார அமைச்சு வழக்கமான நடவடிக்கைகளில் இறங்கியது. பண்ணைகளைச் சுற்றிக் கொசு மருந்துப் புகை அடித்தார்கள். மக்களுக்கு ஜேஇ தடுப்பூசி போட்டார்கள்.

நாடும் அப்போது வேறு பரபரப்பில் இருந்தது. 1998 செப்டம்பரில்தான் துணைப் பிரதமர் அன்வார் இப்ராஹிம் பதவி நீக்கப்பட்டுக் கைதானார். தெருக்களில் சீர்திருத்த முழக்கம். நாணய நெருக்கடி வேறு. ஈப்போ பக்கத்துப் பன்றிக் கொட்டகைகளை யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

பண்ணைக்காரர்கள் பார்த்தார்கள். அவர்கள் கண்ணில் பட்டது கொசு மருந்தோடு ஒத்துப்போகவில்லை. ஜேஇ என்றால் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்கள் வளர்ந்த ஆண்கள், அதுவும் பன்றிகளைத் தொட்டு வேலை செய்தவர்கள். கொசு ஆள் பார்த்தா கடிக்கும்? பண்ணைக்கு அருகிலேயே குடியிருந்த, பன்றியோடு தொடர்பே இல்லாத முஸ்லிம் குடும்பங்களில் நோய் இல்லை. ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேர் படுத்தார்கள். மனிதர்கள் விழுவதற்கு முன்பு பன்றிகள் விழுந்தன. தூரத்திலிருந்தே கேட்கும் ஒருவித முரட்டு இருமல் அவற்றுக்கு இருந்தது. ஜேஇ வந்த பன்றி அப்படி இருமாது. இவற்றோடு ஊசி போட்டவர்களும் இறந்தார்கள்.

பழைய ஜேஇ தடுப்பூசியைப் பல தவணைகளில் போட்டால்தான் முழுப் பாதுகாப்பு கிடைக்கும். அதனால், தவணை முடியாததால் இறந்திருப்பார்கள் என்ற விளக்கத்துக்கும் இடம் இருந்தது. தப்பான முடிவு நீண்ட நாள் நிலைத்ததற்கு இப்படிப்பட்ட அரை நியாயங்களும் ஒரு காரணம்.

இதற்கிடையே பேராக்கில் நட்டத்தில் சிக்கிய பண்ணைக்காரர்கள் பன்றிகளைக் கிடைத்த விலைக்கு விற்றார்கள். லோரி ஏறிய பன்றிகளோடு நோயும் தெற்கே வந்தது. முதலில் சிரம்பானை அடுத்த சிக்காமாட், பிறகு புக்கிட் பெலாண்டோக். கொசுவைத் தடுக்க எல்லா ஏற்பாடும் நடந்தது. பன்றி லோரியைத் தடுக்க யாரும் இல்லை. கையுறை போடு, முகத்தை மூடிக்கொள் என்று கொட்டகையில் வேலை செய்த கூலிக்காரனிடம் சொல்ல வேண்டிய மாதங்களில், கொசுக் கடிக்கு எச்சரிக்கை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஆய்வுக்கூடத்தில் தெரிந்தது

1999 மார்ச் தொடக்கத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங், சுங்கை நிப்பாவைச் சேர்ந்த ஒரு நோயாளியின் தண்டுவட நீரிலிருந்து ஒரு கிருமியைப் பிரித்தெடுத்தார். அது ஜேஇ மாதிரி இல்லை. மாதிரிகளை எடுத்துக்கொண்டு அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துக்குப் பறந்தார். அவர் போனதே கொசு வழி நோய்களை ஆராயும் கூடத்துக்குத்தான். அங்கே மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது தெரிந்தது வேறு குடும்பம். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கிக் கிருமிகள் சேர்ந்த அதே குடும்பம். கொசுவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. 1994இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பன் நகரில் குதிரைகளையும் மனிதர்களையும் தாக்கிய ஹெண்ட்ரா கிருமிக்கு நெருங்கிய உறவு.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பன்றிப் போக்குவரத்து தடை செய்யப்பட்டது. இராணுவம் இறங்கியது. 10 லட்சத்துக்கும் அதிகமான பன்றிகள் கொன்று புதைக்கப்பட்டன. அந்த வேலை செய்த படைவீரர்களிலும் சிலருக்குத் தொற்று ஏற்பட்டது. மலேசியப் பன்றிகளை அறுத்த சிங்கப்பூர் அறுப்புக்கூடத் தொழிலாளர்கள் 11 பேர் நோயுற்றார்கள், ஒருவர் இறந்தார். சிங்கப்பூர் இறக்குமதியை நிறுத்தியது. மே மாதத்தோடு புதிய நோயாளிகள் இல்லை. காரணம் சரியாகத் தெரிந்த சில வாரங்களில் நோய் அடங்கிவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

பயமும் அரசியலும்

புக்கிட் பெலாண்டோக்கில் மக்கள் வீட்டைப் பூட்டிவிட்டு ஓடினார்கள். கிராமங்கள் வெறிச்சோடின. நாடு முழுவதும் பன்றி இறைச்சி விற்பனை சரிந்தது. உண்மையில் நோய் பரவியது உயிருள்ள பன்றியின் எச்சில், சளி, சிறுநீர் வழியாக. சமைத்த கறியைத் தின்று வந்ததாகச் சான்று இல்லை. ஆனால் பயம் வந்த பிறகு யார் கணக்குப் பார்ப்பார்கள்?

மலேசியாவில் பன்றி வளர்ப்பு வெறும் தொழில் மட்டும் அல்ல, இனமும் சமயமும் அதில் கலந்திருக்கின்றன. நோய்க்கு முன்பே கழிவு நீர், துர்நாற்றம் என்று பண்ணைகள் மீது புகார் உண்டு. அதனால் அரசு மெத்தனம் காட்டியதா, பண்ணையை மூட இதைச் சாக்காக எடுத்துக்கொண்டதா என்ற சந்தேகங்கள் எழுந்தன. அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் லிம் கிட் சியாங், சுகாதார அமைச்சர் சுவா ஜூய் மெங்கிடம் தொடர்ந்து கேள்வி எழுப்பினார். அதே ஆண்டு நவம்பர் 29இல் பொதுத்தேர்தல். இழப்பீடு, மாற்றுத் தொழில் என்று பண்ணை முதலாளிகளின் குரலாவது வெளியே கேட்டது. பண்ணையில் மாதக் கூலிக்கு வேலை பார்த்தவர்களுக்குப் பண்ணையோடு வேலையும் போனது. அவர்களைப் பற்றிய பேச்சு குறைவு.

பிழைத்தவர்களில் சிலருக்கு மாதங்கள், ஆண்டுகள் கழித்து மூளை அழற்சி திரும்பி வந்ததும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளது.

ஊசி பற்றிய பதில்

1999இல் போட்ட ஊசி கெட்ட ஊசி இல்லை. வேறொரு நோய்க்கான ஊசி. நிப்பா கிருமியை அதற்கு அடையாளமே தெரியாது. அதே ஜேஇ நோய்க்கு எதிராகச் சரவாக்கில் 2001 முதல் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடப்படுகிறது. பொருந்தும் நோய்க்கு அது பயன்படுகிறது.

கோவிட் காலத்தில் நிலைமை தலைகீழ். 2021 பிப்ரவரியில் மலேசியாவில் ஊசி போடத் தொடங்கும்போது, எந்தக் கிருமிக்கு எதிராக என்பது ஆய்வுக்கூடத்தில் தெளிவாகத் தெரிந்திருந்தது. ஊசி போட்டவருக்கும் தொற்று வந்தது உண்மை. ஆனால் கடுமையான நோயையும் மரணத்தையும் அந்த ஊசி பெருமளவு குறைத்தது. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது சரியல்ல. அதே நேரத்தில், 1999இல் பண்ணைக்காரர்கள் சந்தேகப்பட்டதை அறியாமை என்று தள்ளவும் முடியாது. கண்ணால் கண்டதைச் சொன்னார்கள், கண்டது சரியாக இருந்தது.

கிருமி எங்கிருந்து வந்தது என்பதற்கு விடை பழந்தின்னி வௌவாலில் கிடைத்தது. பண்ணைகளில் பன்றிக் கொட்டகையை ஒட்டியே மாமரங்கள் இருந்தன. வௌவால் கடித்துப் போட்ட பழம் கொட்டகைக்குள் விழ, பன்றி அதைத் தின்றது. பின்னர் தியோமான் தீவு வௌவால்களின் சிறுநீரிலிருந்து அதே கிருமியை டாக்டர் சுவா குழுவினர் பிரித்தெடுத்தார்கள்.

மலேசியாவில் 1999க்குப் பிறகு மனிதர்களிடம் நிப்பா வரவில்லை. வங்காளதேசத்தில் 2001 முதல் அடிக்கடி வருகிறது. அங்கே பன்றி நடுவில் இல்லை. வௌவால் வாய் வைத்த பேரீச்சை மரச் சாற்றைப் பச்சையாகக் குடிப்பதால் வருகிறது, மனிதரிடமிருந்து மனிதருக்கும் பரவுகிறது. 2018இல் கேரளாவின் கோழிக்கோடு வட்டாரத்தில் 17 பேர் இறந்தார்கள். நோயாளியைக் கவனித்த ஒரு தாதியும் அதில் அடக்கம்.

நிப்பாவுக்கென்று பொதுமக்களுக்குப் போடும் தடுப்பூசி இன்னும் வரவில்லை. ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஊசியை மனிதர்களிடம் முதன்முதலாகச் சோதிக்கும் பணி 2024 ஜனவரியில் தொடங்கியது. வௌவால் கடித்த பழத்தைத் தொடாமல் இருப்பதும், நோயுற்ற விலங்கைக் கையுறை இல்லாமல் தொடாமல் இருப்பதும், சோப்புப் போட்டுக் கை கழுவுவதும்தான் இப்போதைக்குக் கையில் உள்ள பாதுகாப்பு. இந்தக் கிருமி சோப்புக்குத் தாங்காது.