தைத்த கணக்கும் தைக்காத கணக்கும்

ஆரணியில் பட்டு வியாபாரம் செய்பவர்களிடம் "கணக்கு எங்க இருக்கு?" என்று கேட்டால் இப்போது பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "கம்ப்யூட்டர்ல இருக்கு." முப்பது வருடத்துக்கு முன்னால் இதே கேள்விக்கு விரல் அலமாரியைக் காட்டியிருக்கும். அலமாரியில் இருந்தது என்ன, கம்ப்யூட்டருக்குள் போனது என்ன, போகாமல் நின்றது என்ன என்று கொஞ்ச நாளாகத் துருவிக்கொண்டிருக்கிறேன். தொழில் மென்பொருள் என்பதால் முதலில் இதை வெறும் 'டேட்டா மைக்ரேஷன்' கதையாகத்தான் பார்க்கத் தோன்றியது. உள்ளே போனால் கதை வேறு. இது நூலும் ஊசியும் சம்பந்தப்பட்ட கதை. பட்டு நூலைச் சொல்லவில்லை, புத்தகம் தைக்கிற நூலைச் சொல்கிறேன்.

பழைய பேரேடு எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். நீளமாக, கெட்டி அட்டையோடு, முதல் பக்கத்தில் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, 'லாபம்' என்று எழுதியிருக்கும். பக்க எண் வரிசையாக ஓடும். தப்பாக எழுதினால் அழிக்கக் கூடாது, ஒரு கோடு இழுத்துப் பக்கத்திலேயே சரியானதை எழுத வேண்டும். பக்கத்தைக் கிழித்தால் அந்தத் தாளின் மறுபாதியும் தையலில் தொளதொளத்துக் காட்டிக்கொடுத்துவிடும். கணக்கப்பிள்ளை யோக்கியரா இல்லையா என்பது இரண்டாவது விஷயம். புத்தகம் தைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் முதல் காவல்.

இது நம்மூர் சமாச்சாரம் மட்டும் இல்லை. 1494இல் வெனிஸில் லூக்கா பச்சோலி இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை விளக்கி அச்சிட்ட நூலில், வியாபாரி தன் புத்தகத்தைச் சிலுவைக் குறியோடு தொடங்கச் சொல்கிறார். அதாவது அவர்களுடைய பிள்ளையார் சுழி! புத்தகத்தை வணிக அதிகாரியிடம் கொண்டுபோய் அத்தாட்சி வாங்கும் வழக்கத்தையும் குறிப்பிடுகிறார். 1673இல் பிரான்சில் வந்த வணிகச் சட்டம், வியாபாரியின் கணக்குப் புத்தகத்தில் அதிகாரி கையொப்பம் இருக்க வேண்டும் என்றது. நம் நாட்டில் 1872ஆம் வருட சாட்சியச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, தொழில் நடக்கும் போக்கில் ஒழுங்காக எழுதப்பட்டுவரும் கணக்குப் புத்தகத்தை நீதிமன்றம் கவனத்தில் எடுக்கலாம் என்று சொன்னது. ஆனால் அதை மட்டும் வைத்து ஒருவர் தலையில் கடனைக் கட்ட முடியாது என்றும் சேர்த்தே சொன்னது.

புத்தகம் என்றால் எது? இதற்கான பதில் 1998இல் ஜெயின் ஹவாலா வழக்கில் உச்ச நீதிமன்றத்திலிருந்து வந்தது. நிரந்தரமாகச் சேர்த்துக் கட்டப்பட்ட தாள்கள்தான் புத்தகம், ஃபைலில் செருகி வைத்த உதிரித் தாள்கள் புத்தகம் ஆகாது. ஸ்பைரல் நோட்டு தேறியது, உதிரித் தாள் தேறவில்லை. பெரிய பெரிய தலைவர்கள் மாட்டிய வழக்கில் கடைசியில் தையல், கட்டு பற்றி விவாதம் நடந்திருக்கிறது பாருங்க.

இந்த இடத்தில் ஆரணித் தறியைக் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். தறி மேல் உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டியில் ஓட்டை போட்ட அட்டைகள் மாலை மாதிரி கோத்துத் தொங்கும். எந்த இழை மேலே எழ வேண்டும் என்று அந்த ஓட்டைதான் சொல்லும். பிரான்சில் 1725இல் பூஷோன் ஓட்டை போட்ட காகிதச் சுருளை முயன்றார். 1728இல் ஃபால்கோன் அதைத் தனித்தனி அட்டைகளாக்கி வரிசையாகக் கோத்தார். 1804 வாக்கில் ஜக்கார் அதை முழு இயந்திரமாக்கினார். இங்கேயும் உயிர் கோர்ப்பில்தான் இருக்கிறது. கயிறு அறுந்து அட்டை மாறினால் பார்டரில் மயிலுக்குத் தலை இருக்கும் இடத்தில் வால் வரும்.

1890இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக ஹெர்மன் ஹாலரித் கொண்டுவந்த அட்டைகளும் ஓட்டை போட்டவைதான். ஆனால் அவை கோக்கப்படவில்லை. ஒரு ஆளுக்கு ஓர் அட்டை, எல்லாம் உதிரி. உதிரியாக இருப்பதால்தான் வேண்டியபடி பிரிக்கலாம், அடுக்கலாம், எண்ணலாம். நான் தினமும் வேலை செய்கிற டேட்டாபேஸ் இந்த உதிரி அட்டையின் பேரப்பிள்ளை. தைத்த புத்தகத்தில் "இந்த வருஷம் இந்த நெசவாளிக்கு எவ்வளவு சரிகை போச்சு?" என்று தேட அரைநாள் ஆகும். உதிரி அட்டையில் அரை நொடி. அந்த வேகத்துக்கு நாம் கொடுத்த விலை தையல்.

பட்டுக் கணக்கு சாதாரணக் கடைக் கணக்கு இல்லை. மளிகைக் கடையில் பணம் ஒன்றுதான் ஓடும். இங்கே மூன்று ஓடும்: எடை, எண்ணிக்கை, பணம். கச்சாப் பட்டு ஒரு கிலோ சாயப் பட்டறைக்குப் போனால், நூலின் மேல் இயற்கையாக இருக்கும் பசை போய், ஏறக்குறைய முக்கால் கிலோவாகிவிடும். அந்தக் கால் கிலோ திருட்டு இல்லை என்று கணக்கு சொல்லியாக வேண்டும். சரிகையின் அளவு கிலோவும் இல்லை, 'மார்க்'. ஒரு மார்க் 242 கிராம். பாவு, ஊடை, சரிகை மூன்றும் நெசவாளி வீட்டுக்கு எடை போட்டுப் போகும், சேலையாக எடை போட்டுத் திரும்பும். மீதி நூல், முன்பணம், கூலி எல்லாம் அதே பக்கத்தில் இருக்கும். 1957 ஏப்ரல் 1க்கு முந்தைய பேரேடு என்றால் ரூபாய், அணா, பை என்று மூன்று பத்திகள். அன்றைக்கு 16 அணா 100 நயா பைசா ஆனது. ஓர் அணா ஆறேகால் பைசா. காலை எங்கே போட? ஓர் அணாவுக்கு 6, இரண்டுக்கு 12, மூன்றுக்கு 19, நாலுக்கு 25 என்று அட்டவணை வைத்துச் சமாளித்தார்கள். அடுத்து பலமும் வீசையும் போய் கிராமும் கிலோவும் வந்தன. ஒரு கம்ப்யூட்டரும் இல்லாமல், கணக்கப்பிள்ளைகள் கையால் செய்து முடித்த மைக்ரேஷன் அது. யாரும் அவர்களுக்குச் சான்றிதழ் கொடுக்கவில்லை.

கம்ப்யூட்டர் வந்தது முதலாளிகளின் ஆசையால் அல்ல, வரியால் என்பது என் கணிப்பு. டாலி 1986இலேயே பெங்களூரில் பிறந்துவிட்டது. தமிழ்நாட்டில் 2007 ஜனவரி 1இல் வாட் வந்தது, 2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி. வந்தது. அதன்பின் 'டாலி தெரிஞ்ச பையன்' இல்லாத கடை குறைவு. மாதக் கடைசியில் வந்து பில்லெல்லாம் ஏற்றிவிட்டுப் போவார். கணக்கப்பிள்ளையின் நாற்காலி அப்படித்தான் காலியானது.

தையல் பிரிந்ததும் இந்தக் கட்டத்தில்தான். பழைய டாலியில் ஒரு பதிவின் மேல் நின்று ஆல்ட்-டி அழுத்தினால் பதிவு போய்விடும். எண் தானாகப் போடும்படி வைத்திருந்தால், பின்னால் இருக்கும் எண்களெல்லாம் நகர்ந்து அந்த இடைவெளியையும் மூடிவிடும். பேரேட்டில் கிழித்த பக்கம் பல்லிளிக்கும். இங்கே பல் விழுந்த இடமே தெரியாது. மாற்றங்களைப் பதிந்து வைக்கும் வசதி அப்போதும் உண்டு, ஆனால் அதை இயக்கலாம், நிறுத்தலாம். நிறுத்தி வைக்கக்கூடிய காவல்காரன் என்ன காவல்காரன்?

சட்டம் பின்னாலேயே ஊசியோடு ஓடி வந்தது. 2000இல் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 34ஆம் பிரிவில் மின்னணுக் கணக்கையும் சேர்த்தது. கூடவே 65பி என்ற புதுப் பிரிவில் ஒரு சான்றிதழையும் கேட்டது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் மின்னணுப் பதிவின் நகல் செல்லாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் கறாராகச் சொன்னது. 2017இன் ஜி.எஸ்.டி. விதிகளில் 56ஆம் விதியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதையும் அழிக்கக் கூடாது, மேலே எழுதக் கூடாது, தப்பைக் கோடிட்டு அத்தாட்சியோடு சரியானதை எழுத வேண்டும், மின்னணுக் கணக்கானால் திருத்தியது நீக்கியது எல்லாவற்றுக்கும் பதிவு வைக்க வேண்டும் என்கிறது. நம் கணக்கப்பிள்ளை சொன்ன அதே பாடம். கம்பெனிகளுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் இன்னும் இறுக்கம்: திருத்தப் பதிவை நிறுத்தவே முடியாத மென்பொருள்தான் வைக்க வேண்டும். ஆரணியில் கம்பெனிகள் எத்தனை? தனி ஆள் கடையும் பங்காளிக் கடையும்தானே அதிகம். 2024 ஜூலை 1இல் வந்த புதிய சாட்சியச் சட்டமோ சான்றிதழில் ஹாஷ் மதிப்பையே கேட்கிறது. ஒரு ஃபைலில் ஒரு புள்ளி மாறினாலும் வேறாகிவிடும் எண் அது. அதுதான் புதுத் தையல்.

இவ்வளவு சட்டமும் முதலாளிக்கும் அரசாங்கத்துக்கும் நடுவில் இருக்கும் கணக்கைத்தான் காக்கிறது. முதலாளிக்கும் நெசவாளிக்கும் நடுவில் இருந்த காவல் வேறு. அது நெசவாளி வீட்டு மாடத்தில் இருந்த சின்ன நோட்டு. பேரேட்டில் எழுதியது அதே கையால் இந்த நோட்டிலும் ஏறும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும், ஒத்துப்போகாவிட்டால் சண்டை. ஒரே கணக்கு இரண்டு பேர் கையில் இருக்கிற ஏற்பாட்டுக்கு இன்றைக்கு எங்கள் துறையில் பெரிய பெரிய பெயரெல்லாம் வைத்திருக்கிறார்கள். பேரேடு கம்ப்யூட்டருக்குள் போன வீடுகளில் இந்த நோட்டு என்ன ஆனது என்று விசாரித்தால் பதில் ஒரே மாதிரி இல்லை. சிலர் விடாமல் எழுதுகிறார்கள். சிலர் துண்டுச் சீட்டு கொடுக்கிறார்கள். சிலர் வாட்ஸ்அப்பில் ஸ்க்ரீனைப் படமெடுத்து அனுப்புகிறார்கள். சில இடத்தில் "கேட்டா சொல்றோமே" என்பதோடு சரி.

கூலி வங்கிக் கணக்கில் ஏறினால் பணத்துக்கு ஒரு சாட்சி உண்டு, பாஸ்புக் பேசும். ஆனால் பாஸ்புக்கில் கிராம் கிடையாது. போன பாவில் மிச்சம் நின்ற பட்டு எவ்வளவு, சேலை எடை குறைந்ததற்குக் கூலியில் பிடித்தது எவ்வளவு என்பது முதலாளி ஸ்க்ரீனில் மட்டும் இருக்கிறது. ஒவ்வொரு முறை நூல் எடை போடும்போதும் மீதி கிராமோடு ஒரு சீட்டோ குறுஞ்செய்தியோ தானாகப் போகும்படி வைப்பது அரை நாள் வேலை. கேட்கத்தான் ஆள் வேண்டும். மென்பொருளுக்குக் காசு கொடுப்பவர் நெசவாளி இல்லையே.

பழைய பேரேடுகளுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டு அறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் கணக்கை வைத்திருந்தால் போதும். "ஆறு வருஷம் ஆச்சு, எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு" என்று மூட்டை கட்டினால், அதோடு சேர்ந்து கம்ப்யூட்டருக்குள் என்றைக்குமே போகாத நாற்பது, ஐம்பது வருடத்துப் புத்தகங்களும் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போய்விடுகின்றன. அணாக் கணக்கு, சரிகை விலை, எந்த ஊர் வியாபாரி என்ன பார்டர் கேட்டார் எல்லாம் அதில்தான் இருக்கிறது. ஆரணியிலோ தேவிகாபுரம், ஒண்ணுபுரம் பக்கமோ 1957க்கு முந்தைய பேரேடு யார் வீட்டிலாவது இருந்தால் சொல்லுங்கள், ஸ்கேனரோடு நானே வருகிறேன். அதற்குள் நீங்களே போனில் படமெடுப்பதென்றால் எண்கள் இருக்கும் பக்கத்தை மட்டும் எடுக்காதீர்கள். அட்டை, மஞ்சள் தடவிய முதல் பக்கம், நடுவில் தையல் தெரியும் இடம், எழுதாமல் விட்ட பக்கம் எல்லாவற்றையும் வரிசை மாறாமல் எடுங்கள்.