விடுதலைச் சான்று பிறந்த கதை

மேட்டூர் சார் ஆட்சியர் அலுவலகத்துக்கு மக்கள் எதற்காகப் போகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். பழங்குடியினர் சான்று, ஓராண்டுக்கு மேல் பதியாமல் விட்ட பிறப்பைப் பதிய உத்தரவு, பட்டாவில் தகராறு என்றால் மேல்முறையீடு. கொளத்தூர், மேச்சேரி, நங்கவள்ளிப் பக்கத்து ஆட்கள் இதற்காகப் பஸ் ஏறி வருவார்கள். அதே நாற்காலியில் இருப்பவர் கையெழுத்துப் போடக்கூடிய இன்னொரு தாளும் உண்டு. அதைக் கேட்டு யாரும் வரிசையில் நிற்பதில்லை. இன்னார் கொத்தடிமையாக இருந்தார், விடுவிக்கப்பட்டார், அவர் தரவேண்டியதாகச் சொல்லப்பட்ட கடன் ஒழிந்தது என்று அந்தத் தாள் சொல்லும். பெயர் விடுதலைச் சான்று.

ஆள் கடத்தல் என்றதும் ரயிலும் இருட்டும் புரோக்கரும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. சேலம், நாமக்கல் பக்கம் ஆளைக் கட்டிப்போடும் கயிறு பெரும்பாலும் பகலில், சாட்சி வைத்து, கையில் எண்ணிக் கொடுக்கப்படும் முன்பணம். அதனால் அரசு செய்த மீட்பு வேலைகளைப் பற்றி எழுதச் சொன்னால் நான் இந்தத் தாளிடம்தான் போவேன்.

இதற்கு ஒரு தாத்தா உண்டு. அது இலங்கையில் பிறந்தது. காப்பித் தோட்டங்களுக்கும் பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் ஆள் போன மாவட்டங்களில் சேலமும் ஒன்று. ஆள் சேர்க்கும் கங்காணி வழிச்செலவுக்கு முன்பணம் கொடுப்பார். தோட்டத்தில் கால் வைக்கும்போதே ஆள் கடனாளி. அந்தக் கூட்டம் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் தோட்டத்துத் துரை ஒரு சீட்டு எழுதித் தருவார். இத்தனை ரூபாய் கட்டினால் இத்தனை பேரை விடுகிறேன் என்பது அதன் சாரம். அதைத் துண்டு என்றார்கள். ஆள் தேவைப்படும் துரை அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். கடன் தீராது, அவர் கணக்குக்கு மாறும். கங்காணி கையில் துண்டு இருந்தால் அதை வைத்துக் கூடுதலாகக் கேட்கலாம். ஆகவே ஒவ்வொரு மாற்றத்திலும் தொகை ஏறியது. தொழிலாளிக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவும் தெரியாது.

1843இலேயே இந்தியாவில் அடிமை மீது உரிமை கொண்டாடி நீதிமன்றத்துக்குப் போக முடியாது என்று ஐந்தாம் எண் சட்டம் சொல்லிவிட்டது. 1860இன் தண்டனைச் சட்டத்தில் 370ஆம் பிரிவு ஆளை அடிமையாக விற்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கியது. துண்டு இரண்டுக்கும் பிடி கொடுக்கவில்லை: இந்தியச் சட்டங்கள் இலங்கையில் செல்லா, அங்கே விற்கப்பட்டதும் காகிதப்படி கடன்தான். 1921ஆம் ஆண்டின் 43ஆம் எண் தொழிலாளர் சட்டத்தால் இலங்கை அரசு துண்டை ஒழித்தது. மறு வருஷமே இந்தியாவில், வெளிநாட்டுக்கு ஆள் போவதை ஒழுங்குபடுத்தும் குடிபெயர்வுச் சட்டம் வந்தது.

கடல் கடந்த துண்டுக்கு முடிவு கட்டியாயிற்று. உள்ளூர் முன்பணத்தைத் தொட இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. அரசியல் சாசனத்தின் 23ஆம் பிரிவு ஆள் வணிகத்தையும் கட்டாய உழைப்பையும் 1950இலேயே தடை செய்திருந்தது. அதை நடைமுறைப்படுத்தும் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் நெருக்கடி நிலையின்போது, இந்திரா காந்தியின் இருபது அம்சத் திட்டத்தை ஒட்டி, 1975 அக்டோபரில் முதலில் அவசரச் சட்டமாக வந்தது. 1976 பிப்ரவரி 9 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்றது. தமிழ்நாட்டில் கருணாநிதி அரசு கலைக்கப்பட்டு அப்போது ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. நல்ல சட்டங்கள் நல்ல காலத்தில்தான் பிறக்கும் என்று கட்டாயம் ஒன்றும் இல்லை.

சட்டத்தை எடுத்துப் படிப்பவர்களுக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. விடுதலைச் சான்று என்ற பேச்சே அதில் கிடையாது. தேவையும் இருக்கவில்லை. நான்காம் பிரிவு ஒரே வீச்சில் எல்லாரையும் விடுவித்துவிட்டது: சட்டம் தொடங்கிய கணத்தில் ஒவ்வொரு கொத்தடிமையும் விடுதலை பெற்றவர். அந்தத் தொடக்க நாள் 1975 அக்டோபர் 25. ஆறாம் பிரிவு கடனை ஒழித்தது. ஒழிந்த கடனுக்குப் பணம் வாங்கினால் மூன்றாண்டு வரை சிறை என்றது ஒன்பதாம் பிரிவு. கடன் கொத்தடிமைக் கடன் இல்லை என்று மெய்ப்பிக்க வேண்டியவர் கொடுத்தவர்தான் என்றது பதினைந்தாம் பிரிவு. இந்தக் கணக்குப்படி இன்று செங்கல் சூளையில் மீட்கப்படும் இருபது வயதுப் பையன் பிறப்பதற்கு முன்பே சுதந்திரமானவன். அவனுக்கு எதற்குத் தாள்?

தாள் வந்தது பணத்தின் பின்னால் என்பது என் கணிப்பு. 1978இல் மத்திய அரசு ஒரு மறுவாழ்வுத் திட்டம் தொடங்கியது. ஆளுக்கு 4,000 ரூபாய், மத்தியும் மாநிலமும் பாதிப் பாதி. அரசாங்கத்தில் பணம் என்று ஒன்று வந்துவிட்டால் யாருக்கு, எந்த ஆதாரத்தில் என்று தணிக்கை கேட்கும். 1976இன் விதிகள் விடுவிக்கப்பட்டவர் பெயர், முகவரி, தொழில், பெற்ற உதவி எல்லாவற்றையும் கண்காணிப்புக் குழு பதிவேட்டில் எழுதச் சொல்லியிருந்தன. அந்தப் பதிவேட்டின் ஒரு வரியைக் கிழித்து ஆள் கையில் கொடுத்தது போலப் பிறந்தது சான்று. தொகை பிறகு ஏறியது: 1986இல் 6,250, 1995இல் 10,000, 2000இல் 20,000.

பணம் கொடுக்க வேண்டும் என்றதும் அதிகாரிகளின் கேள்வி கடுமையானது. முன்பணம் வாங்கினாயா? எழுத்தில் இருக்கிறதா? யார் சாட்சி? ஃபரீதாபாத் கல்குவாரித் தொழிலாளர்கள் விஷயத்தில் ஹரியானா அரசு இதையே வாதமாக வைத்தது. கட்டாயப்படுத்தி வேலை வாங்கியிருக்கலாம், ஆனால் முன்பணம் வாங்கியதை நிரூபிக்காதவரை அவர்கள் கொத்தடிமைகள் ஆகமாட்டார்கள் என்றது. சுவாமி அக்னிவேஷின் பந்துவா முக்தி மோர்ச்சா அமைப்பு எழுதிய ஒரு கடிதத்தையே மனுவாக ஏற்ற உச்ச நீதிமன்றம், 1983 டிசம்பர் 16 அன்று அந்த வாதத்தைத் தூக்கிப் போட்டது. கணக்கு நோட்டு முதலாளி கையில். அதில் என்ன இருக்கிறது என்று எழுதப் படிக்கத் தெரியாதவர் எப்படி நிரூபிப்பார்? கட்டாய உழைப்பு என்று தெரிந்தால் அதற்குப் பின்னால் முன்பணம் இருந்தது என்றே கொள்ள வேண்டும், இல்லையென்றால் முதலாளி காட்டட்டும் என்றார் நீதிபதி பகவதி. அதற்கு முந்தைய வருஷம் டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமான வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவதே கட்டாய உழைப்புதான் என்று சொன்னவரும் அவரே. இந்த இரண்டு தீர்ப்பையும் படித்த சார் ஆட்சியரோ கோட்டாட்சியரோ கேட்கும் கேள்வி வேறாக இருக்கும்: வெளியே போக விட்டார்களா? பண்டிகைக்கு ஊருக்குப் போனாயா? சந்தைக்குக் குடும்பத்தோடு போனாயா, வீட்டில் ஒருவரை நிறுத்திவைத்தார்களா? கூலி கையில் வந்ததா, கணக்கில் கழிந்ததா?

எல்லாரும் படித்ததாகத் தெரியவில்லை. உச்ச நீதிமன்றம் நியமித்த ஆணையர்கள் 1995இல் தமிழ்நாட்டில் மட்டும் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கொத்தடிமைகள் இருப்பதாக மதிப்பிட்டார்கள். சட்டம் வந்தது முதல் இங்கே கண்டறியப்பட்டவர்கள் என்று மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் நெடுங்காலம் சொல்லிவந்த எண் 65,573. மதிப்பீடு கொஞ்சம் கூடுதல் என்றே வைத்துக்கொண்டாலும் இடைவெளி மிகப் பெரிது.

2016இல் திட்டம் திருத்தி எழுதப்பட்டது. ஆணுக்கு ஒரு லட்சம், பெண்களுக்கும் சிறார்களுக்கும் இரண்டு லட்சம், கடத்தப்பட்டவர்கள், பாலியல் சுரண்டலுக்கு ஆளானவர்கள் போன்றோருக்கு மூன்று லட்சம். முழுச் செலவும் மத்திய அரசு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பெருந்தொகை முதலாளிக்குத் தண்டனை கிடைப்பதோடு முடிச்சுப் போடப்பட்டது. உடனே கிடைத்தது 20,000 வரை, 2022 முதல் 30,000 வரை. வழக்கு நடக்க வருஷங்கள் ஆகும். மீட்கப்பட்டவர் அதற்குள் எதைச் சாப்பிடுவார்? அடுத்த முன்பணத்தைத்தான். தாளுக்குப் பணம் சேர்ந்ததில் எனக்கு மகிழ்ச்சி. பணத்துக்குத் தீர்ப்பைச் சேர்த்தது தவறு.

மேட்டூரிலிருந்து ஆற்றோடு கீழே இறங்கினால் குமாரபாளையம், பள்ளிபாளையம். விசைத்தறி ஊர்கள். அங்கே முன்பணத்துக்குப் பாக்கி என்று பெயர். மானிடவியலாளர் கீர்ட் டி நேவ் குமாரபாளையத்தில் தங்கி ஆராய்ந்து 1999இல் இதைப் பற்றி எழுதினார். ஆள் கிடைக்காத காலத்தில் ஆளைப் பிடித்துவைக்க முதலாளிகள் பாக்கி கொடுத்தார்கள். தொழிலாளியும் கேட்டு வாங்கினார். பட்டறை மாற வேண்டுமென்றால் புது முதலாளி பழைய பாக்கியைக் கட்டுவார். இலங்கைத் தோட்டத்தின் சீட்டு இல்லாமலே அதே கணக்கு. ஒரு வித்தியாசம் உண்டு: இங்கே பேரம் பேசியவர் தொழிலாளி. வாங்கிக்கொண்டு மாயமானவர்களும் இருந்தார்கள். அதனால் பாக்கி ஒவ்வொன்றையும் கொத்தடிமை என்று கூவிவிட முடியாது. விசாரித்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், அதற்குத்தான் கோட்டாட்சியர்.

2025 ஜூலையில் பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்களிடம் சிறுநீரகம் விலை பேசி வாங்கப்பட்டதாகப் புகார் வெடித்தது. 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம் அந்த விற்பனையைத் தடை செய்கிறது. உறுப்பைப் பறிப்பதற்காக ஆளைக் கொண்டுபோவதை ஆள் கடத்தல் என்றது 2013இல் திருத்தப்பட்ட 370ஆம் பிரிவு; இப்போது அந்தத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவும் அப்படியே சொல்கிறது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது. விற்றவர்கள் சொன்ன காரணம் கடன். அந்தக் கடன் இப்போது முதலாளியிடம் மட்டும் இல்லை. வாரா வாரம் வீட்டு வாசலுக்கு வரும் நுண்கடன் நிறுவனத்திடமும் இருக்கிறது. 1976 சட்டம் ஒழிப்பது உழைப்பை வாங்கிக்கொள்பவருக்குத் தரவேண்டிய கடனை மட்டும். வேறெங்கோ வாங்கிய கடனை அடைக்க உடம்பை விற்றவருக்கு எந்தக் கோட்டாட்சியராலும் அதன்படி சான்று தர முடியாது. கடனை மிரட்டி வசூலிப்பதைக் குற்றமாக்கும் சட்டத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் அந்தப் புகாருக்கு மூன்று மாதம் முன்புதான், 2025 ஏப்ரலில், நிறைவேற்றியிருந்தது.