இருட்டு சொல்லித் தந்த பாடம்



சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரிகிறது. அதற்குப் பின்னால் அப்படி என்ன பெரிய திட்டம் இருக்கப்போகிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் இன்று எரியும் விளக்குக்கான முடிவு பல ஆண்டுகளுக்கு முன்பே எடுக்கப்பட்டது. ஒரு மின் நிலையத்துக்கு நிலம் பார்த்து, பணம் திரட்டி, கட்டி முடிக்க அவ்வளவு காலம் பிடிக்கும். அந்தக் கணக்கு குறைந்தால் நாடு இருளில் மூழ்கும். மிகுந்தால் செலவு நம் தலையில் விழும். மலேசியா இரண்டையும் பார்த்திருக்கிறது.

ஈய லம்பத்திலிருந்து எல்.எல்.என். வரை

இந்நாட்டில் மின்சாரம் முதலில் மக்களைத் தேடி வரவில்லை. தொழிலைத் தேடித்தான் வந்தது. பேராக் ஆற்றின் குறுக்கே 1930இல் இயங்கத் தொடங்கிய செண்டரோ அணை, கிந்தா பள்ளத்தாக்கின் ஈய லம்பங்களுக்கு மின்சாரம் தந்தது. 1949 செப்டம்பர் 1ஆம் தேதி மத்திய மின்சார வாரியம் உருவானது. 1965இல் அது தேசிய மின்சார வாரியம் ஆனது. எல்.எல்.என். என்றால் நம் பெரியவர்களுக்கு உடனே புரியும். அக்காலத்தில் பல தோட்டங்களில் நிர்வாகத்தின் ஜெனரேட்டர் இரவில் சில மணி நேரம்தான் ஓடும். அது நின்றதும் லயத்து வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்குதான்.

1973இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை திடீரென உயர்ந்தது. நம் மின் நிலையங்களோ பெரும்பாலும் எண்ணெயையே நம்பியிருந்தன. ஒரே எரிபொருளை நம்புவது ஆபத்து என்பது புரிந்தது. 1981இல் எண்ணெய், நீர், எரிவாயு, நிலக்கரி என்ற நான்கு எரிபொருள் கொள்கை வந்தது. திரெங்கானுவின் கென்யிர் நீர்மின் நிலையமும், பாக்கா எரிவாயு நிலையமும், கிள்ளான் அருகே காப்பார் நிலையமும் 1980களில் எழுந்தன.

நாடு இருண்ட நாள்கள்

1990இல் வாரியம் தெனாகா நேஷனல் நிறுவனமாக மாறியது. தொழிற்சாலைகள் பெருகி, மின் தேவை வேகமாக வளர்ந்த காலம் அது. 1992 செப்டம்பர் 29ஆம் தேதி மின்னல் தாக்கியதில் தீபகற்பம் முழுவதும் மின்தடை ஏற்பட்டது. கைவசம் போதிய உபரி இல்லை என்ற கவலை வலுத்தது. அரசு தனியாருக்கு வழிவிட்டது. முதல் கட்டமாக ஐந்து தனியார் நிறுவனங்கள் உரிமம் பெற்றன.

ஆனால் 1996 ஆகஸ்டு 3ஆம் தேதி மாலையில் தீபகற்பம் மீண்டும் இருண்டது. பாக்கா மின் நிலையத்தை ஒட்டிய மின்தடத்தில் ஏற்பட்ட கோளாறு அதற்குக் காரணம்.

ஓர் இடத்துக் கோளாறு எப்படி நாட்டையே இருட்டாக்கும்? மின்சாரம் பந்திச் சாப்பாடு போன்றது. இலை போட்ட நொடியிலேயே பரிமாற வேண்டும். எடுத்து வைக்க முடியாது. ஒரு பெரிய நிலையம் திடீரென நின்றால் அதன் சுமை மற்ற நிலையங்கள் மீது விழும். அவற்றின் சுழல்வேகம் குறையும். இயந்திரம் பழுதாகாமல் இருக்க, பாதுகாப்புக் கருவிகள் அவற்றையும் ஒவ்வொன்றாகத் துண்டித்துவிடும். இதைத் தடுக்கத்தான் சில நிலையங்கள் முழுத் திறனில் ஓடாமல் தயார் நிலையில் வைக்கப்படுகின்றன. அதுவும் போதாவிட்டால், சில பகுதிகளுக்கு மட்டும் தானாகவே மின்சாரம் நிறுத்தப்பட்டு மற்ற பகுதிகள் காப்பாற்றப்படுகின்றன.

உபரிக்கும் விலை உண்டு

1997இல் ஆசிய நிதி நெருக்கடி வந்தது. எதிர்பார்த்த அளவு மின் தேவை வளரவில்லை. 2000களில் உச்சத் தேவையைவிட ஏறக்குறைய 40 விழுக்காடு கூடுதலான உற்பத்தித் திறன் நம்மிடம் இருந்தது. தனியார் நிலையங்களுடன் செய்துகொண்ட ஒப்பந்தங்களோ 21 ஆண்டுகளுக்கானவை. மின்சாரத்தை வாங்கினாலும் வாங்காவிட்டாலும், நிலையத்தைத் தயாராக வைத்திருப்பதற்கு தெனாகா பணம் கட்டியாக வேண்டும்.

இவ்வளவு உபரி இருந்தும் 2005 ஜனவரி 13ஆம் தேதி சிலாங்கூர், கோலாலம்பூர் முதல் ஜொகூர் வரை பல மாநிலங்களில் மின்சாரம் நின்றது. நிலையங்களைக் கட்டினால் மட்டும் போதாது, மின்தடங்களும் உறுதியாக இருக்க வேண்டும் என்பதை அந்த நாள் உணர்த்தியது. 2011இல் இன்னொரு சோதனை. அப்போது எரிவாயுதான் முதன்மை எரிபொருள். அதன் வரத்து குறைந்ததால், விலை கூடிய எண்ணெயையும் டீசலையும் எரிக்க வேண்டியதாயிற்று. நிலையமும் தடமும் இருந்தும் எரிபொருள் இல்லையென்றால் என்ன பயன்?

இன்றைய கேள்வி

2024இல் தீபகற்பத்தின் உச்ச மின் தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. ஜொகூரில் தரவு மையங்கள் பெருகி வருகின்றன. அவை இரவு பகல் பாராமல் மின்சாரம் கேட்பவை. இன்னொரு பக்கம், புதிய நிலக்கரி நிலையங்கள் கட்டப்படமாட்டா என்று 2021இல் அரசு அறிவித்தது. சூரிய மின்சாரம் வளர்கிறது, நல்லதுதான். ஆனால் மேகம் மறைத்தால் அது குறையும். சூரியன் சாய்ந்தால் நின்றுவிடும். அதனால் பெரிய மின்கலன்களும் உடனே இயங்கக்கூடிய நீர்மின் நிலையங்களும் துணைக்கு வேண்டும்.

கேட்ட அளவுக்கெல்லாம் கட்டிவிட்டு, தரவு மையங்கள் எதிர்பார்த்தபடி வராமல் போனால் அந்தச் செலவு யாருடையது? 1997க்குப் பிறகு அந்தப் பாரம் கடைசியில் மக்கள் மீதே விழுந்தது. பெரிய வாடிக்கையாளர் கேட்கும் மின்சாரத்துக்கு அவரே முன்கூட்டிப் பொறுப்பேற்க வேண்டும் என்பதே என் கருத்து. மின்கட்டண பில்லைப் பார்த்து முகம் சுளிப்பதோடு நாம் நின்றுவிடக் கூடாது. ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே அதில் என்ன இருக்கிறது என்று கேட்கும் பழக்கம் நமக்கு வர வேண்டும்.

சிந்திப்போம்.