கியூபா மரத்தவளை

கியூபா, பஹாமாஸ், கேமன் தீவுகள் ஆகியவற்றைத் தாயகமாகக் கொண்ட பெரிய மரத்தவளை. அறிவியல் பெயர் ஆஸ்டியோபிலஸ் செப்டென்ட்ரியோனாலிஸ். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் வந்தேறியாகப் பரவி, வீட்டுத் தோட்டங்களிலும் புழக்கடைகளிலும் வாழ்ந்த நாட்டுத் தவளைகளை ஒடுக்கிவருகிறது.

வகைப்பாடு: பிரெஞ்சு விலங்கியலாளர்கள் டூமெரிலும் பிப்ரோனும் 1841-இல் இதனை விவரித்தனர். பின்னர் நெடுங்காலம் இது ஹைலா பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தது. விரல் நுனியில் ஒட்டுவட்டு உள்ள தவளைகளில் பெரும்பாலானவற்றை ஹைலாவில் சேர்த்துவிடுவது அக்கால வழக்கம். ஃபிட்ஸிங்கர் 1843-இலேயே ஆஸ்டியோபிலஸ் என்னும் பேரினத்தை அமைத்திருந்தும் அது வழக்கில் நிலைக்கவில்லை. லிண்டா ட்ரூப், மைக்கேல் டைலர் இருவரும் பெரிய ஆண்டிலியத் தீவுகளின் மரத்தவளைகளை ஆராய்ந்து, 1974-இல் அதனை மீட்டெடுத்தனர். தலைத்தோல் மண்டையோட்டு எலும்போடு இறுகிப் பிணைந்திருப்பது இவ்வினத்தின் சிறந்த அடையாளம். முதுகுத் தோலை விரலால் நகர்த்தலாம், உச்சந்தலைத் தோல் அசையாது. ஜமைக்காவிலும் ஹிஸ்பானியோலாவிலும் இதே பேரினத்தின் பிற இனங்கள் உள்ளன. ஜமைக்காவின் பழுப்பு மரத்தவளை, அன்னாசிக் குடும்பச் செடிகளின் இலைக் கக்கத்தில் தேங்கும் நீரில் முட்டையிடுவது. கியூபா இனத்துக்கு அந்தத் தேர்வெல்லாம் கிடையாது. மழைக்குட்டை, அலங்காரத் தொட்டி, கைவிடப்பட்ட நீச்சல்குளம் என நீர் தேங்கும் இடம் எதுவும் அதற்குப் போதும்.

வருகை: புளோரிடாவின் தென்கோடித் தீவுகளுள் ஒன்றான கீ வெஸ்டில் இத்தவளை இருப்பதை, ஹார்வர்டு பல்கலைக்கழக விலங்கியலாளர் தாமஸ் பார்பர் 1931-இல் அறிவித்தார். கியூபாவுக்கும் கீ வெஸ்டுக்கும் இடையே சுமார் 150 கி.மீ. கடல்தான். சரக்குக் கப்பலில் காய்கறிப் பெட்டிகளோடு வந்தது என்பதே ஏற்கத்தக்கது. மிதக்கும் மரக்கட்டைகளில் தானாக வந்தது என்ற கருத்துக்கு அத்தனை வலு இல்லை. 1950-களின் தொடக்கத்தில் பெருநிலப்பரப்பில் மயாமி பகுதியில் காணப்பட்டது. அதன்பின் நாற்றங்கால் செடிகளிலும் வாகனங்களிலும் ஏறி வடக்கே சென்றது.

இயல்பு: பெண் தவளை 14 செ.மீ. வரை வளரும், ஆண் சிறியது. புளோரிடாவின் நாட்டு இனங்களான பச்சை மரத்தவளை சுமார் 6 செ.மீ., அணில் மரத்தவளை சுமார் 4 செ.மீ. மட்டுமே. பூச்சி, சிலந்தி, பல்லியோடு இச்சிறு தவளைகளும் அதற்கு இரை. போட்டி முட்டைப்பருவம் கழிந்த உடனேயே தொடங்கிவிடுகிறது: கியூபாத் தலைப்பிரட்டைகளோடு ஒரே நீரில் வளர்க்கப்பட்ட நாட்டுத் தலைப்பிரட்டைகளின் வளர்ச்சி குன்றியதை 2005-இல் வெளியான ஆய்வு காட்டியது. எவர்கிளேட்ஸ் பகுதியில் வந்தேறிகளைப் பிடித்து அகற்றியபின் நாட்டு மரத்தவளைகள் மீண்டும் பெருகியதை 2011-இல் வெளியான மற்றோர் ஆய்வு பதிவுசெய்தது. ஆகவே நாட்டு இனங்களின் சரிவுக்குக் குற்றவாளி யார் என்பதில் ஐயமில்லை. இரவில் வாசல் விளக்கடியில் பூச்சிக்காகக் காத்திருக்கும் இது, பகலில் குழாய்களிலும் மின்மாற்றிப் பெட்டிகளிலும் ஒடுங்கி, மின்தடைக்கும் காரணமாகிறது. தோலில் சுரக்கும் கோழை கண்ணில் பட்டால் கடுமையாக எரியும்.

கட்டுப்பாடு: வீட்டார் ஏறத்தாழ மூன்றடி நீளப் பிவிசி குழாயை மண்ணில் செங்குத்தாக நட்டுவைத்தால் தவளைகள் அதில் புகுந்துகொள்ளும். பிடிபட்டவற்றை இனம் உறுதிசெய்தபின், பென்சோகெய்ன் களிம்பு தடவி மயங்கச் செய்து, பிறகு உறைவிப்பானில் வைத்துக் கொல்லுமாறு புளோரிடா பல்கலைக்கழகம் அறிவுறுத்துகிறது. நாட்டு இனங்களை அடையாளம் தெரியாமல் கொன்றுவிடுவதும் நேர்வதுண்டு.

இப்போது இத்தவளை லூசியானா மாநிலத்தின் நியூ ஆர்லியன்ஸிலும் உள்ளது. அங்குள்ள ஆடுபன் உயிரியல் பூங்காவுக்கு 2016-இல் புளோரிடாவிலிருந்து வந்த பனைவகை மரங்களோடு சென்றதாகக் கருதப்படுகிறது.